புது ஊரில் எந்த ஏரியாவில் தங்குவது?

டிக்கெட் போட்டு முடித்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். ஹோட்டல் தளத்தைத் திறப்பார்கள், ஊர் பெயரை அடிப்பார்கள், விலை குறைந்ததை மேலே வரவைத்து, படத்தில் பளிச்சென்று தெரியும் அறையைப் பிடித்துவிடுவார்கள். அந்த அறை ஊரின் எந்த மூலையில் இருக்கிறது என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரியவரும். இந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் ஏரியா, அப்புறம் அறை. சுமாரான அறையில்கூட நன்றாகத் தூங்கி எழுந்துவிடலாம். ஏரியா சரியில்லை என்றால், காலையில் கிளம்பும்போது ஒரு மணி நேரம், இரவு களைத்துத் திரும்பும்போது ஒரு மணி நேரம் என்று தங்கும் ஒவ்வொரு நாளும் அதற்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

‘அந்த ஊரில் எந்த ஏரியா பெஸ்ட்?’ என்று போய்வந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் பார்த்த இடங்களுக்கும் அவரவர் கூட வந்தவர்களுக்கும் அந்த ஏரியா பொருந்தியிருக்கிறது, அவ்வளவுதான். நள்ளிரவு வரை சுற்றும் நண்பர்களுக்குப் பிடித்த தெரு, கைக்குழந்தையோடு போகிறவர்களைத் தூங்கவிடாது. அதனால் ‘எது நல்ல ஏரியா?’ என்பதை விட்டுவிட்டு, ‘இந்தப் பயணத்துக்கு, எங்களுக்கு எது?’ என்று கேட்டுத் தொடங்குவோம். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் வேலை முடிந்துவிடும்.

முதலில் பட்டியல், அப்புறம் வரைபடம்

போக நினைக்கும் இடங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். சுற்றுலா இடம் மட்டுமல்ல. பார்க்க வேண்டிய உறவினர் வீடு, ஆஸ்பத்திரி, தேர்வு மையம், மாநாட்டு அரங்கம், அடுத்த ஊருக்கு ரயில் ஏற வேண்டிய ஸ்டேஷன் எல்லாமே பட்டியலில் வரட்டும். பிறகு கூகுள் மேப்ஸில் ஒவ்வொன்றையும் தேடி ‘சேவ்’ செய்யுங்கள். எல்லாம் முடிந்ததும் வரைபடத்தைச் சற்றே தள்ளி, முழு ஊரும் தெரிகிறாற்போல் வைத்துப் பாருங்கள். குறிகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு இடங்களில் கொத்தாக விழுந்திருக்கும். ஒன்றிரண்டு மட்டும் தனியே தள்ளிக் கிடக்கும்.

கொத்துக்கு நடுவில் தங்கிவிட்டால் போதும் என்று தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை. எல்லா இடத்துக்கும் ஒரே எடை கிடையாது. பகல் பதினொரு மணிக்குப் போகும் அருங்காட்சியகம் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பாதகமில்லை. கூட்டம் குறைந்த நேரத்தில் உட்கார்ந்துகொண்டே போய்விடலாம். விடியற்காலையில் பிடிக்க வேண்டிய ரயிலும் இரவு பத்தரைக்கு முடியும் நிகழ்ச்சியும் அப்படியல்ல. அந்த நேரங்களில் வண்டி குறைவு, உடம்பும் ஓய்ந்திருக்கும். ஆகவே பட்டியலில் அதிகாலை இடங்களுக்கும் பின்னிரவு இடங்களுக்கும் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முறை போகப்போகும் இடத்துக்கும் கோடு போடுங்கள். ஏரியாவைத் தீர்மானிக்கப்போவது இந்தக் கோடு போட்ட இடங்கள்தான்.

கூட வருகிறவர்களையும் அதே தாளில் எழுதுங்கள். முழங்கால் வலி உள்ள அம்மா, மதியம் தூங்கியே ஆக வேண்டிய குழந்தை, தனியாக வரும் பெண், நான்கு பெட்டி. மதியம் ஒருமுறை அறைக்கு வந்துபோக வேண்டியிருந்தால் கணக்கே மாறிவிடும். அப்போது தினம் இரண்டு பயணம் அல்ல, நான்கு.

ஊரின் அமைப்பைப் பிடியுங்கள்

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு உடல்வாகு உண்டு. ஆறு எங்கே ஓடுகிறது, கடல் எந்தப் பக்கம், மேடு எங்கே, ரயில் பாதை எப்படிப் போகிறது என்ற நான்கையும் பத்து நிமிடம் பார்த்தால் அது பிடிபட்டுவிடும்.

பாரிஸ் வட்டமான, அடக்கமான நகரம். 1860 முதல் அது 20 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. வட்டார எண்கள் நடுவில் தொடங்கி நத்தை ஓட்டின் சுழிபோல வலமாகச் சுற்றி வெளியே வரும். அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு எண்கள் வட்டார எண்ணைச் சொல்லிவிடும்: 75005 என்றால் ஐந்தாவது வட்டாரம், 75011 என்றால் பதினொன்றாவது. ஹோட்டல் முகவரியில் 75-க்குப் பதிலாக வேறு எண் தொடங்கினால் நீங்கள் பாரிஸ் நகர எல்லைக்கு வெளியே தங்கப்போகிறீர்கள் என்று அர்த்தம். எல்லைக்கு உள்ளே என்றால் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் எந்த வட்டாரமும் பெரிய தப்பாகிவிடாது. ஊர் அவ்வளவு சிறியது.

துபாய் அப்படியல்ல. கடற்கரையை ஒட்டி நீளமாகப் படுத்திருக்கும் ஊர். பழைய தேரா ஒரு கோடி, மரீனா இன்னொரு கோடி. உங்கள் குறிகள் எல்லாம் தேரா பக்கம் இருக்க, கடல் தெரிகிறதே என்று மரீனாவில் அறை எடுத்தால் தினமும் ஊரின் நீளம் முழுவதையும் அளக்க வேண்டும். மும்பையும் வடக்கு தெற்காக நீண்ட ஊர். புறநகர் ரயில்களும் அதே திசையில்தான் ஓடுகின்றன. நீண்ட ஊர்களில் ‘எந்த முனை’ என்பதே முதல் கேள்வி.

இஸ்தான்புல்லில் நடுவே பாஸ்பரஸ் நீரிணை கிடக்கிறது. ஐரோப்பியக் கரை, ஆசியக் கரை என்று இரண்டு பக்கம். 2013-இல் நீரிணைக்கு அடியில் மர்மரை ரயில் வந்தது, படகுகளும் உண்டு. இருந்தாலும் பழைய நகரத்தைப் பார்க்க இரண்டே நாள் வருகிறவர் எதிர்க்கரையில் தங்கினால், அக்கரை இக்கரை என்று போய்வருவதே ஒரு வேலையாகிவிடும்.

ஹோட்டல் தளங்களில் ‘நகர மையத்திலிருந்து 2 கிலோமீட்டர்’ என்று போடுவார்கள். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த மையம் தளம் வைத்துக்கொண்ட ஒரு புள்ளி. தூரம் பெரும்பாலும் காக்கை பறக்கும் தூரம். நடுவில் ஆறு இருந்து, பாலம் தள்ளி இருந்தால் இரண்டு கிலோமீட்டர் ஐந்தாகிவிடும். அதோடு, மையம் என்பதே பல ஊர்களில் அலுவலகங்கள் நிறைந்த பகுதி. வேலை நாள் பகலில் ஜேஜே என்று இருக்கும். மாலை ஏழு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் ஆளரவம் இல்லாமல் போய்விடும். உங்களுக்கு வேண்டியது ஊரின் மையமல்ல, உங்கள் பட்டியலின் மையம்.

வந்து இறங்கும் இடமும் நேரமும்

விமான நிலையத்தின் பெயரில் ஊர் பெயர் இருப்பதால் அது ஊருக்குள் இருக்கிறது என்று ஆகாது. பாரிஸ் பெயரில் விற்கப்படும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். டோக்கியோவுக்கு இரண்டு நிலையங்கள்: நரிதா சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, ஹனேடா ஊரை ஒட்டியே. பாங்காக்கில் சுவர்ணபூமி கிழக்கே, டான் முவாங் வடக்கே. டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்து, அதையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். நீங்கள் இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து வெளியே வரும்போது ரயில் ஓடுமா? நியூயார்க் சப்வே இரவு முழுக்க ஓடுகிறது. லண்டனில் இரவு நேர மெட்ரோ வெள்ளி, சனி இரவுகளில், அதுவும் சில தடங்களில் மட்டும்தான். டோக்கியோவில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில் நின்றுவிடும். மறுபடி தொடங்குவது விடியும் வேளையில். இரவு பதினொன்றரைக்கு இறங்குகிறவர் முதல் இரவை மட்டும் விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில் கழித்துவிட்டு, காலையில் ரயிலேறி ஊருக்குள் போவது பல சமயம் டாக்சியைவிட மலிவு. கிளம்பும் நாளில் விமானம் காலை ஆறு மணிக்கு என்றால் கடைசி இரவுக்கும் இதே யோசனை.

பயணம் குறுகியதாக இருந்தால் விமான நிலைய ரயில் வந்து நிற்கும் ஸ்டேஷனே நல்ல இடம். கோலாலம்பூரில் விமான நிலையம் 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும், நிற்காமல் ஓடும் விரைவு ரயில் 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரலில் கொண்டுவந்து விடுகிறது. அங்கிருந்து இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசிக்கு நேர் ரயில் உண்டு. இரண்டு இரவு மட்டும் தங்குகிறவருக்கு அந்த ஸ்டேஷனைச் சுற்றியுள்ள பகுதி வசதி. ஒரு வாரம் தங்குகிறவர் வரும் நாளும் போகும் நாளும் மட்டுமே அனுபவிக்கும் வசதிக்காக மற்ற நாட்களை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்டேஷன் முதல் வாசல் வரை

ரயில் எவ்வளவு வேகமாகப் போனாலும், ஸ்டேஷனிலிருந்து அறை வாசல் வரை உள்ள தூரத்தை நீங்கள்தான் நடக்க வேண்டும். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் ‘ஸ்டேஷனிலிருந்து இத்தனை நிமிடம்’ என்று போடுவதற்கு ஒரு விதி இருக்கிறது: 80 மீட்டர் ஒரு நிமிடம் என்று கணக்கு. பெட்டி இல்லாத, சுறுசுறுப்பான ஆளின் நடை அது. சிக்னலில் நிற்பதும் மேட்டில் ஏறுவதும் அதில் சேராது. வயதானவரோ குழந்தையோ கூட வந்தால் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். என் கணக்கில் 800 மீட்டர்தான் உச்ச வரம்பு. அதற்கு மேல் போனால் மூன்றாம் நாள் முதல் எல்லோரும் டாக்சி டாக்சி என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

இரண்டு தடங்கள் சந்திக்கும் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தங்கினால் பாதிப் பயணங்களில் வண்டி மாற வேண்டியிராது. அதற்காக ஊரிலேயே பெரிய சந்திப்புக்கு அருகில் போய் விழ வேண்டாம். பெரிய சந்திப்பில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வரவே பத்து நிமிடமாகும். சுற்றிலும் இரைச்சல், விலையும் கூட. அதற்கு ஒன்றிரண்டு ஸ்டேஷன் முன்னால் இறங்கிப் பாருங்கள். தெரு அமைதியாகும், அதே தொகைக்கு அறையும் பெரிதாகும். ஏரியா தேடுவதில் இதைவிடப் பலன் தரும் தந்திரம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

தட்டையான வரைபடம் மேட்டைக் காட்டாது. லிஸ்பனின் அல்ஃபாமா பகுதியில் 300 மீட்டர் என்பது படிக்கட்டும் கல் பாவிய சரிவுமாக இருக்கும். வெனிஸ் தீவில் கார், பஸ் எதுவும் உள்ளே வராது. கால்வாய்ப் பாலங்களில் படி ஏறி இறங்கிப் பெட்டியைத் தூக்க வேண்டும். அங்கே போகிறவர்கள் கரையில் உள்ள மெஸ்த்ரேயில் மலிவாக அறை எடுத்து, பத்து நிமிட ரயிலில் தீவுக்குப் போய்வருவது வழக்கம். அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பகல் கூட்டம் வடிந்த பிறகுள்ள இரவும், அது வருவதற்கு முந்தைய காலையும்தான் வெனிஸின் நல்ல நேரம். ஒரே ஒரு இரவு என்றால் தீவுக்குள்ளேயே, சாந்தா லூசியா ஸ்டேஷனுக்கோ படகுத் துறைக்கோ பக்கத்தில் தங்குவதைத்தான் சொல்வேன்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்

டோக்கியோவுக்கு ஒரு குடும்பம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, ஏழு வயதுப் பையன், பாட்டி. ஐந்து இரவு. நரிதாவில் பிற்பகல் இறங்குகிறார்கள். பட்டியலில் இருப்பவை: அசகுசாவில் உள்ள சென்சோஜி கோயில், பையனுக்காக உயேனோ உயிரியல் பூங்கா, பக்கத்திலேயே தேசிய அருங்காட்சியகம், ஷிபுயா நாற்சந்தி, ஒரு நாள் டோக்கியோவுக்கு வடக்கே உள்ள நிக்கோ ஊருக்குப் போய்வருவது.

நிறையப் பேர் சொல்லிக் கேள்விப்பட்டது ஷின்ஜுகு. உலகிலேயே அதிகம் பேர் வந்துபோகும் ஸ்டேஷன் அது. எங்கும் போக அங்கிருந்து வண்டி உண்டு. இந்தக் குடும்பத்துக்கு அது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். நரிதாவிலிருந்து நேர் ரயிலில் வந்தாலும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்டேஷனுக்குள் இருநூறுக்கு மேற்பட்ட வாசல்கள்; தப்பான வாசலில் ஏறிவிட்டால் பாட்டியைக் கூட்டிக்கொண்டு சுற்றி வர வேண்டும். அசகுசா ஊரின் மறுபக்கம். நிக்கோவுக்கு வசதியான தோபு ரயில் அசகுசாவிலிருந்து கிளம்புகிறது. அதைப் பிடிக்கக் காலை நெரிசலில் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும்.

இப்போது உயேனோவை வைத்துப் பாருங்கள். நரிதாவிலிருந்து கெய்சே ஸ்கைலைனர் முக்கால் மணி நேரத்தில் அங்கேயே வந்து நிற்கும். உயிரியல் பூங்காவும் அருங்காட்சியகமும் நடந்து போகும் தூரம். மதியம் பையனும் பாட்டியும் அறைக்கு வந்து படுக்கலாம். கின்சா தடத்தில் மூன்றாவது ஸ்டேஷன் அசகுசா, ஐந்தே நிமிடம். கோயிலும் முடிந்தது, நிக்கோ ரயிலும் முடிந்தது. அதே கின்சா தடத்தின் மறுமுனை ஷிபுயா. மாறாமல் அரை மணியில் போய்விடலாம். ஊரைச் சுற்றிவரும் யமனோத்தே வட்டத் தடமும் உயேனோவில் நிற்கிறது. பட்டியலில் ஐந்து இடம் இருந்தால் ஐந்துக்கும் இந்த ஏரியா பதில் சொல்கிறது.

சரி, அதே குடும்பம் நிக்கோவுக்குப் பதிலாக வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன ஹகோனேவும் ஃபூஜி மலையடிவாரமும் போவதாக இருந்தால்? ஹகோனேவுக்குப் போகும் ஒதாக்யூ ரயிலும், ஃபூஜி பக்கம் போகும் நெடுஞ்சாலைப் பேருந்தும் ஷின்ஜுகுவில்தான் கிளம்புகின்றன. இரண்டுமே காலையில் சீக்கிரம் பிடிக்க வேண்டியவை, அதாவது கோடு போட்ட இடங்கள். இப்போது ஷின்ஜுகு பக்கம் தராசு சாய்கிறது. அப்போதும் இரவுக் கேளிக்கை மிகுந்த கபுகிச்சோவை ஒட்டிய கிழக்குப் பகுதியைவிட மேற்கு வாசல் பக்கம் அந்தக் குடும்பத்துக்கு நிம்மதி. பட்டியலில் வெளியூர்ப் பயணம் மட்டும் மாறியது. தங்கும் ஏரியா மாறிவிட்டது.

உங்கள் ஊருக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு அல்லது மூன்று ஏரியாக்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் கோடு போட்ட இடங்களுக்கு எவ்வளவு நேரம் என்று வரைபடச் செயலியில் பாருங்கள். முக்கியமானது இதுதான்: ‘இப்போது கிளம்பினால்’ என்று பார்க்காதீர்கள். நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. நீங்கள் உண்மையில் கிளம்பும் கிழமையையும் நேரத்தையும் கொடுங்கள். ஞாயிறு காலை எட்டு மணி, புதன் இரவு பதினொரு மணி என்று போட்டுப் பார்த்தால் பகலில் இருபது நிமிடம் காட்டிய ஏரியா இரவில் ஐம்பது நிமிடம் காட்டும். திரும்பிவரும் வழியையும் தனியாகப் பாருங்கள்.

தெருவுக்குள் இறங்கிப் பாருங்கள்

இரண்டு ஏரியா மிஞ்சியதும், கூகுள் மேப்ஸில் தெருவின் படங்களைக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்து, ஸ்டேஷன் வாசலிலிருந்து ஹோட்டல் வாசல் வரை அம்புக்குறியைத் தட்டித் தட்டி ‘நடந்து’ வாருங்கள். நடைபாதை இருக்கிறதா, அல்லது வண்டிகளை ஒட்டி நடக்க வேண்டுமா? விளக்குக் கம்பங்கள் எத்தனை அடிக்கு ஒன்று? தரைத்தளத்தில் கடைகளும் வீடுகளும் இருக்கின்றனவா, அல்லது நீண்ட மதில் சுவரும் பார்க்கிங் இடமுமா? மதில் சுவர் பகலில் ஒன்றும் செய்யாது. இரவு பத்து மணிக்கு அந்த நூறு மீட்டர் நீளமாகத் தெரியும். சுரங்கப்பாதையோ மேம்பாலத்துக்கு அடியில் போகும் வழியோ குறுக்கிடுகிறதா என்று பாருங்கள். ஸ்டேஷன் வாசலில் லிஃப்ட் குறி தெரிகிறதா, படிக்கட்டு மட்டுமா?

படத்தின் ஓரத்தில் அது எடுக்கப்பட்ட மாதமும் ஆண்டும் இருக்கும். ஆறேழு ஆண்டு பழைய படம் என்றால் தெரு மாறியிருக்க வாய்ப்புண்டு. பகலில் எடுத்த படம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். மூடிய ஷட்டர்கள் வரிசையாக இருந்து, மேலே பார், கிளப் என்று பலகைகள் தொங்கினால் அந்தத் தெரு விழிப்பதே இரவில்தான். லிஸ்பனின் பைரோ ஆல்ட்டோ பகலில் தூங்குமூஞ்சித் தெருக்களாகத் தெரியும்; இரவு வேறு ஊர்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. ஏழை எளியவர்கள் வாழும் பகுதியும் ஆபத்தான பகுதியும் ஒன்றல்ல. குடும்பங்கள் வாழ்ந்து, மளிகைக் கடையும் மருந்துக் கடையும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் சாதாரணத் தெரு, வெறிச்சோடிய பளபளப்பான அலுவலகப் பகுதியைவிடப் பல சமயம் பாதுகாப்பானது. ஐரோப்பாவின் சில பெரிய ரயில் நிலையங்களில் ஒரு வாசல் பக்கம் சாதாரணமாகவும் எதிர்வாசல் பக்கம் முகம் சுளிக்கவைப்பதாகவும் இருக்கும். ஏரியா பெயரை மட்டும் கேட்டால் இது தெரியாது, எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். தனியாகப் போகும் பெண்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். மற்றவர்கள் கண்ணில் படாமல் போவதை அவர்கள் கவனித்து எழுதியிருப்பார்கள்.

ரிவ்யூ படிக்க ஒரு முறை

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நகராதீர்கள். புதிது முதலில் என்று வரிசைப்படுத்துங்கள். சத்தம், படிக்கட்டு, லிஃப்ட், ஸ்டேஷன், இரவு, கட்டுமானம் ஆகிய சொற்களை ரிவ்யூ எழுதப்பட்ட மொழியில் தேடுங்கள். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் எனக்கு நம்பகமானவர்கள். கொண்டாடவும் இல்லை, கோபத்திலும் இல்லை, நடந்ததை எழுதியிருப்பார்கள். ‘இடம் அருமை’ என்று ஒருவர் சொன்னால் அவர் யாரோடு போனார், எந்த மாதம் போனார் என்று பாருங்கள். பக்கத்து மனையில் கட்டட வேலை நடப்பதாகச் சமீபத்தில் இருவர் எழுதியிருந்தால் அந்த அறையை விட்டுவிடலாம்.

வாடகை வீடு எடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். பல தளங்களில் புக் செய்யும் வரை சரியான முகவரி தெரியாது. வரைபடத்தில் ஒரு வட்டம்தான் தெரியும். அந்த வட்டத்தில் உங்களுக்கு ஒத்துவராத ஓரம் எதுவோ அங்கேதான் வீடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அதற்கும் சரிவந்தால் எடுங்கள். இல்லையென்றால் பக்கத்து ஸ்டேஷன் எது, நடக்க எத்தனை நிமிடம், எத்தனையாவது மாடி என்று வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பிக் கேளுங்கள். இன்னொன்று சட்டம். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுகிறவர் நகராட்சியில் பதிந்திருக்க வேண்டும். விருந்தினர் தங்கும்போது அவரும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். பார்சிலோனா 2028-க்குள் சுற்றுலா வாடகை வீட்டு உரிமங்களை முடித்துக்கொள்வதாக அறிவித்திருக்கிறது. உரிம எண் காட்டச் சொல்லும் ஊர்களில் அந்த எண் இல்லாத வீட்டைத் தொடாதீர்கள். கடைசி நேரத்தில் ரத்தானால் தெருவில் நிற்பது நீங்கள்தான்.

மலிவு உண்மையில் மலிவா?

தள்ளி இருக்கும் அறையில் ஒரு இரவுக்கு எவ்வளவு மிச்சம் என்று எழுதுங்கள். அதன் கீழே தினப்படி கூடுதல் செலவை எழுதுங்கள்: ஆள் ஒருவருக்குப் போகவர இரண்டு டிக்கெட். லண்டன் மாதிரி மண்டலக் கணக்கில் கட்டணம் வாங்கும் ஊரில் வெளி மண்டலத்திலிருந்து வந்துபோக ஒவ்வொரு டிக்கெட்டும் கூடும். இரவு கடைசி ரயிலைத் தவறவிட்டு எடுக்கும் டாக்சி ஒன்றையாவது சேருங்கள். தனி ஆளுக்குத் தள்ளித் தங்குவது பெரும்பாலும் லாபம்தான். நான்கு பேர் போகும்போது டிக்கெட்டும் நான்காகிவிடுவதால் பல சமயம் உள்ளே தங்குவதே மலிவாக முடியும். நேரத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். ஐந்து நாள் பயணத்தில் தினம் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ரயிலில் போனால் ஏறக்குறைய ஒரு முழுப் பகல் போய்விடுகிறது.

கொத்து இரண்டாக இருந்து, இரண்டும் தூரமாக இருந்தால் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்று பிரிக்கலாமா? ஆறு இரவுக்கு மேல் என்றால் பிரிக்கலாம். அதற்குக் கீழே என்றால் வேண்டாம். பெட்டி கட்டி, ஒரு அறையைக் காலி செய்து, அடுத்த அறை கிடைக்கும் வரை காத்திருப்பதிலேயே ஒரு நாளில் பாதி கரைந்துவிடும்.

புக் செய்த பிறகும் கொஞ்சம் வேலை

இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பிடியுங்கள். தொகை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. ரத்து செய்யக் கடைசித் தேதியை அலாரம் வைத்துக்கொண்டு, அதற்கு முன் திட்டம் மாறினால் ஏரியாவையும் மறுபடி பாருங்கள். ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, ‘இரவு பதினொரு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து நடந்து வர எந்த வாசல், எந்த வழி?’ என்று கேளுங்கள். ‘டாக்சியில் வந்துவிடுங்கள்’ என்று பதில் வந்தால் அதிலேயே உங்களுக்கு விவரம் கிடைத்துவிடும். அவர்கள் வழி சொல்லியிருந்தால் அதையே ஸ்ட்ரீட் வியூவில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

அந்த ஏரியாவின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள். முகவரியை உள்ளூர் எழுத்தில் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்; பல ஊர்களில் டாக்சி ஓட்டுநருக்கு ஆங்கில எழுத்தில் உள்ள தெருப் பெயர் புரியாது. பகலில் போய்ச் சேர்ந்தால், பெட்டியை வைத்ததும் இருட்டுவதற்குள் ஒரு சுற்று நடந்து வாருங்கள்: ஸ்டேஷனின் உங்கள் வாசல் எது, பக்கத்து மருந்துக்கடை எது, பேருந்து எங்கே நிற்கிறது என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைகள் வந்திருந்தால் வழியில் உள்ள ஏதாவது பெரிய பலகையை அவர்களுக்கு அடையாளம் காட்டிவிடுங்கள். மறுநாள் இரவு திரும்பும்போது வழி சொல்வது பெரும்பாலும் அவர்களாகத்தான் இருக்கும்.